செம்பூர் முதலை

ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் வானிலை நிபுணர்கள் ஆகிவிடுவார்கள். மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை என்று நான் பல் தேய்ப்பதற்குள் படங்கள் வந்து விழும். பின்னாலேயே குடை பிடித்த பூனை, மழைத்துளி ஒட்டிய ரோஜா, பத்திரமாக இருக்கச் சொல்லும் வாசகம். இத்தனை அக்கறையும் மூன்றாம் மாடியிலிருந்தும் ஐந்தாம் மாடியிலிருந்தும் வரும். செம்பூரில் வெள்ளம் என்று ஒன்று வந்தால் அது முதலில் மிதிப்பது தரைத்தளத்தில் இருக்கும் எங்கள் வாசலைத்தான். நாங்கள் இதுவரை ஒரு பூனையைக்கூட யாருக்கும் அனுப்பியதில்லை.

நான் இதே மும்பையில், தாராவியில் பிறந்து வளர்ந்தவள். மழை வந்தால் கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்துவோம், அரிசி டின்னைப் பரணில் ஏற்றுவோம், வேலைக்குப் போவோம். அண்ணன் இன்னும் அங்கேதான் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். இந்த வருடம் முதல் சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று அவருக்கு போன் போட்டேன்.

"அங்க மழை எப்படிண்ணே இருக்கு?"

"மழையா? மிஷின் சத்தத்துல ஒண்ணும் தெரியல. இரு, எட்டிப் பாக்கேன்." போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஆமாட்டி, பெய்யுது."

அவ்வளவுதான் அவருடைய வானிலை அறிக்கை. அதே மழையை எங்கள் கட்டடத்தில் பால்கனிக்குப் பால்கனி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

என் கணவர் போன வருடம் ஓய்வு பெற்றார். தொழிற்சாலை ஸ்டோரில் நாள் முழுவதும் நின்றே வேலை பார்த்தவர், இப்போது ஹாலில் உட்கார்ந்து காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு தொடர் பார்க்கிறார். இந்த மழைக்கு அவர் பிடித்துக்கொண்ட தொடர் ஒரு மலையூரில் நடக்கும் கொலை பற்றியது. இரண்டு எபிசோடு நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். தொடக்கம் முதல் மழை கொட்டுகிறது. ஒருவர் செருப்பிலும் சேறு இல்லை. துப்பறிகிற அதிகாரியின் மனைவி இறந்துவிட்டாள். அந்தத் துக்கத்தில் அவர் குடை பிடிக்கமாட்டார். நனைந்துகொண்டே பிணத்தைப் பார்ப்பார், நனைந்துகொண்டே சிகரெட்டைப் பற்றவைப்பார், அதுவும் பற்றிக்கொள்ளும். நான் எழுந்து துணி காயப்போடப் போய்விட்டேன். அந்த ஊரில் யார் வீட்டிலும் துணி காயாத பிரச்சினையே இல்லை.

எங்கள் வீட்டுக்கு இருக்கும் ஒரே சொத்து சமையலறைக்குப் பின்னால் உள்ள மண் தரை. சொசைட்டிக்குச் சொந்தமானதுதான், கட்டடத்தைச் சுற்றியும் வரலாம், ஆனால் கதவு என் சமையலறையிலிருந்து திறப்பதால் கூட்டிப் பெருக்குவது நான். ஒரு கொய்யா மரம், ஒரு துவைக்கிற கல், யாரோ எப்போதோ கட்டடம் பழுதுபார்த்துவிட்டு விட்டுப்போன செங்கல் குவியல், அதற்கப்பால் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் நாலா ஓடுகிறது. நல்ல மழைக்கு அது சாக்கடை என்பதை மறந்து ஆறுபோல நடந்துகொள்ளும். இந்தப் பக்கத்தில் காகங்கள், ஒரு செம்போத்து, பெருச்சாளிகள், மழைக்காலத்தில் மட்டும் ஆப்பிரிக்க நத்தைகள். கைப்பிடி அளவு நத்தை. நான் போடும் தண்டுக்கீரையை ஒரே ராத்திரியில் மழித்துவிட்டுப் போகும். புறாக்களைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. அவற்றுக்குத் தானியம் போடுகிறவர்களைப் பற்றி அதைவிட இல்லை.

இரண்டாம் மாடியில் ஒரு கனவான் இருக்கிறார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழர்தான்; தமிழ் படிக்கத் தெரியாது என்பதை வாங்கிய பட்டம்போலச் சொல்லிக்கொள்வார். ஓய்வு பெற்றதும் முழங்கை நீளத்தில் ஒரு கேமரா லென்ஸ் வாங்கி, தன்னை இயற்கை ஆர்வலர் என்று அறிவித்துக்கொண்டார். நான் நூலகப் புத்தகங்கள் எடுத்துப்போவதைப் பார்த்து, ஒரு நாள் ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். வெளிநாட்டில் பெரிய சம்பளத்தில் இருந்த ஒருவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்க் குடில் கட்டிக்கொண்டு தன்னைத் தேடிய கதை. ஒரு மரத்தைப் பார்த்தால் தன் அப்பா ஞாபகம், மானைப் பார்த்தால் விவாகரத்து ஞாபகம். அத்தனை பக்கத்திலும் அந்த மான் என்ன தின்றது என்று ஒரு வரி இல்லை. அரிசியும் மண்ணெண்ணெயும் யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்பதும் இல்லை.

ஜூலையில் விடாமல் பெய்து நாலா பொங்கி, பிறகு ஒரு முற்பகலில் திடீரென்று வெயில் அடித்தது. துணியை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். செங்கல் குவியல்மேல் ஒரு உடும்பு படுத்திருந்தது. வாலோடு சேர்த்து என் இடுப்புயரத்துக்கு நீளம் இருக்கும். மண்நிறத் தோல், அதில் மங்கிய மஞ்சள் புள்ளிகள். பிளந்த நாக்கை நீட்டி, காற்றை ருசி பார்த்து, உள்ளே இழுத்துக்கொண்டது. கணவரை இழுத்துவந்து காட்டினேன். ஒரு இயர்போனை மட்டும் கழற்றினார்.

"உடும்புல்லா இது. நல்ல கொழுத்த சாதி. எங்க ஊர்ப்பக்கமா இருந்தா இந்நேரம் சட்டி அடுப்புல ஏறியிருக்கும்."

"பிடிச்சா ஜெயிலு. போய் உங்க கொலையப் பாருங்க."

போய்விட்டார்.

மாட்டுங்காவில் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவர்களிடம் முன்பு ஒரு கையேடு வாங்கியிருந்தேன். நம் நாட்டுப் பல்லி, ஓணான், பாம்பு வகைகளைப் பற்றியது. அட்டை கிழிந்திருந்தாலும் ஒழுங்கான எழுத்து. எழுதியவருக்குத் தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உடும்பு எலியும் முட்டையும் நத்தையும் தின்னும், கூச்ச சுபாவமுள்ளது, மனிதரைக் கண்டால் ஓடிவிடும் என்று எழுதியிருந்தார். எனக்கு அது போதும். அந்த வாரத்தில் கீரைப் பாத்திக்கு அருகே உடைந்த நத்தை ஓடுகள் கிடந்தன. கீரை தழைத்தது. சொசைட்டியில் மெசேஜ் அனுப்பாமல் வேலையைச் செய்கிற ஒரே உறுப்பினர் அதுதான் என்று கணவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். எதற்கு என்று தெரியாது.

கனவான் மேலிருந்து பார்த்துவிட்டார். மறுநாள் காலை பெல் அடித்து, "ஒரே நிமிஷம் மேடம்" என்று சொல்லி, ஈரச் செருப்போடு என் சமையலறை வழியாகப் பின்னால் போனார். ஒரு நிமிஷம் மதியச் சாப்பாடு வரை நீண்டது. அடுத்த நாளும் வந்தார். அதற்கு அடுத்த நாள் சட்டைப் பையில் கோழிமுட்டை கொண்டுவந்தார். உடும்பு குவியலை விட்டு வெளியே வந்தால்தான் வெளிச்சம் சரியாக விழுமாம். முட்டையை உடைத்து என் துவைக்கிற கல்லில் வைத்தார். கல் என் கதவிலிருந்து நாலு எட்டு.

"சார், இங்க முட்டை வைக்காதீங்க. அது வீட்டுப் பக்கம் வந்து பழகிரும்."

"நோ நோ மேடம். நேச்சர் அப்படி வொர்க் பண்ணாது. இது வைல்டு."

வைல்டு அந்த முட்டையை நக்கித் தின்றுவிட்டு, இன்னொன்று உண்டா என்று கதவைப் பார்த்தது. அவர் தினமும் வைத்தார். நல்ல படம் ஒன்று கிடைத்ததும் குரூப்பில் போட்டார். கீழே இருந்து எடுத்ததால் உடும்பு லாரி அளவுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் வேடிக்கையாக 'செம்பூர் முதலை' என்று எழுதியிருந்தார்.

எங்கள் குரூப்பில் வேடிக்கை யாருக்கும் புரியாது. அரைமணி நேரத்தில் முதலை ஐந்தாம் மாடிவரை ஏறிவிட்டது. நாலா வழியாகக் கழிமுகத்திலிருந்து வந்திருக்கிறது என்றார் ஒருவர். ஒன்று இருந்தால் குட்டிகளும் இருக்கும் என்றார் இன்னொருவர். எங்கோ ஆற்றில் மாட்டைப் பிடித்து இழுக்கும் முதலையின் வீடியோவை ஒருவர் அனுப்ப, அதை எங்கள் பின்கட்டு என்றே நம்பி இரண்டு பேர் செயலாளருக்கு போன் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று அறிவிப்பு வந்தது.

செயலாளர் மாட்டுங்காவில் பல தலைமுறை இருந்துவிட்டு வந்த குடும்பம். குள்ளமான மனிதர், இடுப்பில் சாவிக்கொத்து. யார் எதைச் சொன்னாலும் "கரெக்ட், கரெக்ட்" என்பார். எதிர்த்தரப்புக்கும் அதையே சொல்வார். ஆறு வருடமாகச் செயலாளராக இருக்கும் ரகசியம் அதுதான் என்று நினைத்திருந்தேன். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. பின்கட்டைச் சுத்தம் செய்து, மண் முழுவதையும் சிமெண்ட் கல் பதித்து மூடிவிடவேண்டும், கொய்யாவையும் வெட்டிவிடலாம் என்றார்கள். நான் எழுந்து நின்றேன்.

"அது முதலை இல்ல, உடும்பு. நத்தையும் எலியும் திங்கும், ஆளத் திங்காது. மண்ண மூடிட்டா மழைத்தண்ணி எங்க போகும்னு யாராவது யோசிச்சீங்களா?"

"கரெக்ட் மேடம்," என்றார் செயலாளர். "உங்க பாயிண்ட்ட நோட் பண்ணிக்கறேன். ஆனா சேஃப்டின்னு ஒண்ணு இருக்கு பாருங்கோ."

கையைத் தூக்கச் சொன்னார்கள். இரண்டாம் மாடிக் கனவானின் கை எல்லாருக்கும் முன்னால் உயர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஐ லவ் நேச்சர் மேடம்," என்றார் தாழ்ந்த குரலில். "பட் குழந்தைகள்லாம் இருக்கா."

அவருக்கு வேண்டிய படம் கிடைத்துவிட்டது. கொய்யாவை மட்டும் வெட்டவேண்டாம், மழை குறைந்ததும் கல் பதிக்கலாம் என்று முடிவாயிற்று.

அந்த வாரமே அது நடந்தது. பிற்பகல். வெளியே கனத்த மழை. நான் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தொட்டியில் மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கனவான் முட்டை வைப்பதை நிறுத்தி நாலைந்து நாள் ஆகியிருந்தது. காலருகே ஏதோ உரசும் சத்தம். பெருச்சாளி என்று நினைத்துக் குனிந்தேன். உடும்பு வாசற்படியைத் தாண்டி, நிதானமாக, வழக்கமான வாடிக்கையாளர்போல உள்ளே வந்துகொண்டிருந்தது.

எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. மூட்டுவலிக்காக மாத்திரை சாப்பிடுகிறவள் நான். ஒரே தாவலில் சமையல் மேடைமேல், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் கழுவின மீன். கணவரைக் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். ஹாலில் அவருக்குக் கடைசி எபிசோடு. உடும்பு என் சத்தத்தில் மிரண்டு கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் புகுந்து, தொண்டையை உப்பவைத்துக்கொண்டு சீறியது. வாலால் மேடைக்கடியில் இருந்த அலமாரியின் தகரக் கதவை ஒரு அடி அடித்தது. கூச்ச சுபாவம் என்று எழுதின மனிதர் அதை அடுக்களைக்குள் பார்த்ததில்லை.

போன் மேடைமேல் இருந்தது. முதலில் இரண்டாம் மாடிக்கு அடித்தேன். கேட்டதும் அவர் குரலில் உற்சாகம் வழிந்தது. "வாவ். அசையாதீங்க மேடம், லென்ஸ் மாட்டிண்டு வரேன்." வைத்துவிட்டேன். அடுத்து எனக்குத் தோன்றிய எண் செயலாளருடையது. விஷயத்தைச் சொன்னேன். "கரெக்ட்," என்றார். தொடர்பு அறுந்தது.

முன்கதவு பெல் இரண்டு முறை அடித்தது. என் கணவருக்கு அதுவும் கேட்கவில்லை. அப்புறம் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, மழையில், செயலாளர் பின்கட்டு வழியாக வந்தார். தலையில் ஸ்கூட்டர் ஹெல்மெட், உடம்பில் ரெயின்கோட், கையில் வளைந்த கைப்பிடி உள்ள குடை. கதவருகே நின்று எட்டிப்பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

"மேடம், அது கடிக்குமோ?"

"கடிக்காதுன்னுதான் புஸ்தகத்துல போட்டிருக்கு."

"அப்ப நீங்க ஏன் மேல ஏறி நிக்கறேள்?"

நான் மீனை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டேன்.

கதவை மறித்து அவர் நின்றால் அது வெளியே போகாது. அதை அவரே புரிந்துகொண்டார். உள்ளே வந்து, சிலிண்டரைக் கடந்து, இந்தப் பக்கச் சுவரோரம் நின்றால்தான் வழி திறக்கும். அவர் ஒரு காலை உள்ளே வைத்து, எடுத்து, மறுபடி வைப்பதை மேலிருந்து நான் நன்றாகவே பார்த்தேன். ஆனாலும் வந்தார். சுவரோடு ஒட்டிக்கொண்டு, சாவிக்கொத்து குலுங்க, அந்தச் சீறலைத் தாண்டி வந்து நின்றார். குடையின் கைப்பிடியைச் சிலிண்டர் கழுத்தில் மாட்டி மெல்ல இழுத்தார். உடும்பு பாய்ந்தது. நேராக அவர் இடது பாதத்தின்மேல் ஏறி, வழுக்கி, வாசற்படியைத் தாண்டி மழைக்குள் போய்விட்டது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். மீனை மூடிவிட்டுக் கை கழுவிக் காபி போட்டேன். அதுவரைக்கும் குடையைப் பிடித்த உடும்புப்பிடியை அவர் விடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்ற ஞாபகப்படுத்தியது நான்தான்.

"மேடம், இத குரூப்ல போட்டுடாதீங்கோ," என்றார் காபியைக் கையில் வாங்கி.

பயந்ததை மறைக்கிறார் என்று நினைத்தேன். "ஏன் சார்? நல்லாத்தான செஞ்சீங்க."

"அதுக்கில்ல. போட்டா ஆள் கூட்டிண்டு வந்து அடிச்சுக் கொன்னுடுவா. பாவம், அதுவும் மழைக்கு ஒதுங்கத்தான வந்தது."

ஆறு வருடத்தில் "கரெக்ட்" தவிர அவரிடமிருந்து நான் கேட்ட முதல் கருத்து அது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"அப்ப கல் பதிக்கிறத நிறுத்திருங்களேன்."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "அது மீட்டிங்ல பாஸ் ஆயிடுத்தே மேடம். நான் எப்படி நிறுத்தறது? எல்லாரும் கேள்வி கேப்பா."

காபி டம்ளரை வாங்கி வைத்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. சீறிக்கொண்டு நின்ற மிருகத்தைத் தாண்டி வந்தவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களைத் தாண்டத் துணிவில்லை. முழுக் கோழையாக இருந்திருந்தால் அவரை அலட்சியம் செய்வது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த நேரத்தில் கணவர் இயர்போனைச் சுருட்டிக்கொண்டு வந்தார். செயலாளரையும் ஈரத் தரையையும் பார்த்தார். "வாங்க சார், எப்ப வந்திய?" என்று கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "அந்த டாக்டர்தான் கொலகாரன். நான் மொதல்லயே சொன்னேன்லா," என்றார்.

செயலாளர் போன பிறகு கனவான் லென்ஸோடு வந்து சேர்ந்தார். வெளிச்சம் போதாது என்று வேறு லென்ஸ் தேடினாராம்.

"போயிடுத்தா?"

"போயிட்டு."

"மறுபடி வந்தா சொல்லுங்க மேடம்."

அவருடைய காட்டுப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவந்து கையில் கொடுத்தேன்.

"படிச்சீங்களா? எப்படி இருந்தது?"

"அந்தக் காட்டுக்கு ரொம்பக் கஷ்டம்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

செப்டம்பர் கடைசியில் கல் பதிக்க ஆட்கள் வந்தார்கள். நான் பின்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். கீரைப் பாத்தி போனது. அதைப் பார்க்க எனக்கு மனமில்லை. வெளியே செயலாளரின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வேலை முடிந்து ஆட்கள் போன பிறகு கதவைத் திறந்தேன். சாம்பலும் சிவப்புமாகக் கல் பளபளத்தது. மதிலோரம் மட்டும், கொய்யாவிலிருந்து செங்கல் குவியல் வரை, ஒரு ஆள் படுக்கும் அகலத்துக்கு மண் அப்படியே இருந்தது. குவியலையும் யாரும் தொடவில்லை. சாயங்காலம் குரூப்பில் செயலாளர் எழுதியிருந்தார்: கல் போதவில்லை, மன்னிக்கவும், மிச்சம் அடுத்த வருட பட்ஜெட்டில்.

தைரியமாகச் சொல்லிச் செய்யவேண்டியதை இப்படிச் செய்கிறாரே என்று இருந்தது எனக்கு. ஆனாலும் அந்த மண்ணைப் பற்றி நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அக்டோபரில் எதிர்பாராத ஒரு மழை வந்தது. நான் சொன்னபடியே கல்தரையில் தண்ணீர் தேங்கி என் சமையலறைக்குள் வந்தது. கணவரும் நானும் அள்ளி ஊற்றினோம். குரூப்பில் வடிகால் சரியில்லை என்று மாநகராட்சியைத் திட்டினார்கள். மழை விட்டதும் மதிலோர மண்ணில் போய்ப் பார்த்தேன். குட்டி நத்தை ஓடுகள் உடைந்து கிடந்தன. சேற்றில் நகத் தடம், நடுவே வால் இழுபட்ட கோடு, நேராகச் செங்கல் குவியலுக்குள் போயிருந்தது.

அன்று பால் வாங்க வெளியே போகும்போது மாடிப்படிக்குக் கீழே கண் போனது. காற்றுக்கு நீலத் தார்ப்பாய் ஒன்று விலகியிருந்தது. உள்ளே பதிக்காத சிமெண்ட் கற்கள், சாம்பலும் சிவப்பும், இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. செயலாளர் கேட்டருகே காவலாளியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"சார், படிக்குக் கீழ தார்ப்பாய் பறந்துட்டு. நல்லா இழுத்துக் கட்டிருங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு படிக்கட்டுப் பக்கம் பார்த்தார்.

"கரெக்ட் மேடம்," என்று சொல்லிக் கயிறு தேடிப் போனார்.